சைரன் நின்ற பிறகு

யோகராணி இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் பளீல் நானா. கொட்டகலை பஜாரில் அவருடைய ஹார்ட்வெயார் கடையின் மேல்மாடியில்தான் எங்கள் பட்டறை இருக்கிறது. அன்று காலை நான் வந்து கதவைத் திறந்து, முதல்நாள் பாதியில் விட்ட வேலையை விளக்குக்கு அடியில் எடுத்து வைத்திருந்தேன். எதுவானாலும் கீழிருந்தே குரல் கொடுக்கிற மனிதர் அன்று படியேறி வந்து வாசலில் நின்றார். "குமார், கண்டியிலருந்து மிஸ்ஸோட தம்பி பேசினாரு. ஒங்க போன் வேல செய்யலயாம்," என்றார். சூடேறிக்கொண்டிருந்த சோல்டரிங் அயனின் வயரைக் கழற்றிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நானா கீழே போய்க் கடையின் கதவை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

எதிர்பாராத செய்தியல்ல. வயிற்றில் வந்த புற்றுநோய் பல மாதங்களாக அவரைக் கரைத்துக்கொண்டிருந்தது. ஆனால் அவர் நோயைப் பற்றிப் பேச இடம் கொடுத்ததில்லை. பார்க்கப் போனால் வேலையைப் பற்றித்தான் பேசுவார். அதனால் நோயும் ஒரு வேலையைப் போல எப்போதோ முடிந்துவிடும் என்ற எண்ணம் எங்களுக்குள் எப்படியோ வந்துவிட்டிருந்தது.

இதை வாசிக்கிறவர்களில் பலர் அவரை யோகா மிஸ் என்று அறிவீர்கள். தேயிலைத் தோட்டங்களில் சிலர் சைரன் மிஸ் என்பார்கள். இறந்த பிறகு வந்த செய்திகளில், மண்சரிவிலிருந்து ஒரு லயத்து மக்களையே காப்பாற்றிய கருவியை உருவாக்கியவர் என்று எழுதியிருந்தார்கள். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வரியை உயிரோடு இருந்து வாசித்திருந்தால், பேனாவை எடுத்து அதன் மேல் ஒரு கோடு போட்டிருப்பார். ஏன் போட்டிருப்பார் என்று சொல்லாமல் அவருக்கு அஞ்சலி எழுத எனக்குத் தெரியவில்லை.

அவர் றொசல்லைக்குப் பக்கத்தில் ஒரு லயத்தில், தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தவர். தாய் கொழுந்து பறித்தவர். பௌதிகவியல் படித்துப் பட்டம் பெற்று, கொழும்பில் மின்மானிகள் செய்யும் கம்பனி ஒன்றில் நல்ல பதவியில் இருந்தார். ஒரு தீபாவளிக்கு ஊருக்கு வந்தபோது, தம்பியின் வீட்டுக்குப் பின்னால் மேட்டில் ஒரு வெடிப்பைப் பார்த்திருக்கிறார். கை நுழைகிற அகலம். அதில் மண்ணை அடைத்து, மேலே ஒரு தகரத்தைப் போட்டுக் கல்லை வைத்திருந்தார்கள். தம்பியிடம் கேட்டதற்கு, மழைக்குக் கொஞ்சம் விரியும், அப்புறம் சரியாகிவிடும் என்றாராம். "கூரை ஒழுகுதுன்னு சொல்ற மாதிரி சொன்னான் குமார். எனக்கு அன்னைக்கிச் சோறு எறங்கல," என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

நான் அப்போது பஜாரில் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருந்தேன். தீபாவளிக்கு மறுநாள் ஒரு பெண்மணி பழைய போன் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். என்ன பிழை என்று கேட்டேன்.

"பிழை ஒண்ணும் இல்லைங்க. போனச் சாய்ச்சா படமும் திரும்புதுல்ல, அதச் செய்யிற சாமான் உள்ள ஒண்ணு இருக்கு. அத ஒடையாம எடுத்துக் குடுப்பீங்களா?"

"எடுத்தா போன் வேலைக்கு ஆகாதே மிஸ்."

"போன் எனக்கு வேணாம். மண்ணு சாயிறத அது சொல்லுமான்னு பாக்கணும்."

எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரமும் வந்தார், அதற்கடுத்த வாரமும் வந்தார். ஆறேழு மாதத்தில் அவர் கொழும்பு வேலையை விட்டிருந்தார், நான் கடையை மைத்துனரிடம் கொடுத்திருந்தேன். இரண்டு பேருடைய வீட்டிலும் அதை யாரும் நல்ல முடிவு என்று சொல்லவில்லை.

யோசனை எளிமையானது. லயத்துக்கு மேலே உள்ள சரிவில் குழாய்களை இறக்கி, மண் எவ்வளவு சாய்கிறது, அதற்குள் எவ்வளவு தண்ணீர் ஏறியிருக்கிறது என்று அளப்பது. அளந்ததை வானொலி அலையில் கீழே அனுப்புவது. எல்லை தாண்டினால் லயத்தில் சைரன் ஒலிப்பது. வெளிநாடுகளில் இப்படிக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் ஒரு தோட்டம் வாங்குகிற விலையில் இல்லை, எங்கள் மழைக்கும் எங்கள் மண்ணுக்கும் பொருத்தமாகவும் இல்லை. வங்கிக்குப் போனோம். இன்னும் உருவாகாத ஒன்றுக்கு எந்த வங்கி கடன் தரும்? அப்போதுதான் சிறிய நிறுவனங்கள் புதிய தொழில்நுட்பத்தை உருவாக்குவதற்கு அரசாங்கம் கொடுக்கும் ஆராய்ச்சி மானியத்தைப் பற்றிப் பத்திரிகையில் ஒரு விளம்பரம் வந்தது. திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. முதற்கட்டத்தில் யோசனை வேலை செய்யும் என்று காட்ட வேண்டும். இரண்டாம் கட்டத்தில் கருவியைச் செய்து, வெளியே வைத்துப் பரிசோதிக்க வேண்டும். மூன்றாம் கட்டத்துக்கு மட்டும் முழு மானியம் இல்லை. வாங்குகிறவரை நாமே கண்டுபிடித்து அழைத்துவந்தால், அரசாங்கம் கொஞ்சம் கைகொடுக்கும்.

நேர்முகத்துக்கு இருவரும் ரயிலில் கொழும்புக்குப் போனோம். நீளமான மேசைக்குப் பின்னால் பேராசிரியர்கள் இருவர், அதிகாரிகள் இருவர், வியாபாரத்துறையிலிருந்து ஒருவர். தொழில்நுட்பக் கேள்விகளுக்கு யோகராணி சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் தட்டுத்தடங்கலில்லாமல் பதில் சொன்னார். கடைசியில் வியாபாரத்துறைக்காரர், "இதன் வாடிக்கையாளர் யார்?" என்று கேட்டார்.

"லயத்தில் இருக்கிறவர்கள்."

"அவர்களால் இதை வாங்க முடியுமா?"

"முடியாது."

"அப்படியானால் அவர்கள் வாடிக்கையாளர் இல்லையே."

யோகராணி கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்தார். "அந்த வீடுகள் தோட்டத்துக்குச் சொந்தம். காணி அரசாங்கத்துக்குச் சொந்தம். உயிர் மட்டும்தான் அவர்களுக்குச் சொந்தம். யார் வாங்க வேண்டும் என்பதை நீங்கள்தான் எனக்குச் சொல்ல வேண்டும்," என்றார். மேசைக்குப் பின்னால் இருந்தவர்கள் எங்கள் கோப்பை மூடிவைத்தார்கள். கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டு ரயிலேறினேன். ஆனால் மானியம் கிடைத்தது. இன்று அந்தத் திட்டத்தைப் பற்றி என்ன குறை சொன்னாலும் இதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்: எங்களை நம்பி முதலில் கை நீட்டியது அதுதான். அது இல்லாவிட்டால் இந்தக் கதையில் எதுவும் நடந்திருக்காது.

முதற்கட்டத்து நாட்கள்தான் எங்களுக்கு மகிழ்ச்சியான நாட்கள். தினுஷ் என்ற இளம் பொறியியலாளரை வேலைக்குச் சேர்த்தோம். பட்டறைக்குள் பெரிய மரப்பெட்டி ஒன்றைச் செய்து, தோட்டத்திலிருந்து சாக்குகளில் மண்ணைக் கொண்டுவந்து சரிவாகக் கொட்டி, மேலே தண்ணீர் ஊற்றி ஊற்றி அதைச் சரியவிடுவோம். சரிவதற்கு முன்னால் கருவி சொல்கிறதா என்று பார்ப்போம். ஒருநாள் பெட்டியின் அடிப்பலகை விட்டுப்போய், சேறு பலகைத் தரை வழியாகக் கீழே பெயின்ட் டின்களின் மேல் இறங்கிவிட்டது. பளீல் நானா தலையில் சேற்றோடு மேலே வந்து, "மிஸ், மண்சரிவு வர முன்ன சொல்ற மெசின்னு தானே சொன்னீங்க? எனக்கு ஒருத்தரும் சொல்லலயே," என்றார். யோகராணி அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

இரண்டாம் கட்டத்துக்கு றொசல்லைக்கு மேலே ஒரு தோட்டத்தில் ஒரு பழைய லயத்தைத் தேர்ந்தெடுத்தோம். தோட்டத்தின் பெயர் இங்கே வேண்டாம். நிர்வாகம் தடை சொல்லவில்லை. எதற்கும் தாங்கள் பொறுப்பில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். குழாய்களை இறக்கி, சூரியத் தகட்டைக் கட்டி, லயத்துக் கோடியில் கம்பம் நட்டுச் சைரனைப் பொருத்திய அன்று எல்லோரும் வாசலில் கூடியிருந்தார்கள். யோகராணி எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னார். சொல்லி முடித்ததும் முத்துலெட்சுமி என்ற பெண், கொழுந்துச் சாக்கை இடுப்பிலிருந்து அவிழ்த்தபடியே கேட்டாள்.

"அது கத்துனா நாங்க எங்க மிஸ் போறது?"

"கீழ ஸ்கூலுக்குப் போங்க. பிரின்சிப்பல்கிட்டப் பேசியிருக்கோம்."

"எவ்வளவு நேரம் இருக்குறது?"

"ஆபத்து முடியிற வரைக்கும்."

"முடிஞ்சிருச்சுன்னு யாரு சொல்லுவா?"

"நாங்க வந்து பாத்துச் சொல்லுவோம்."

முத்துலெட்சுமியின் கணவர் செல்வராஜ் பக்கத்தில் நின்றார். தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை, அமைதியான மனிதர். "கேட்டது போதும், மிஸ்ஸுக்குப் பிளேன்டி ஊத்து," என்று மனைவியைத் தேநீர் ஊற்ற உள்ளே அனுப்பினார். நாங்கள் பஸ்ஸில் திரும்பினோம். பஸ் கொட்டகலைக்கு வந்த பிறகு, "அந்தப் பொண்ணு கேட்ட கேள்விதான் குமார் உண்மையான ஆராய்ச்சி. நாம செய்யிறது அதுல பாதி," என்றார் யோகராணி. அரையாண்டு அறிக்கையிலும் அதை எழுதினார். எச்சரிக்கை கேட்டவர்கள் போய்த் தங்க ஒரு நிலையான இடமும், திரும்பலாம் என்று சொல்ல ஒரு பொறுப்பான ஆளும் இல்லாமல் இந்தக் கருவி முழுமையடையாது என்று. அது ஆராய்ச்சியின் வரம்புக்கு வெளியே உள்ளது என்று பதில் வந்தது.

அந்த வருடத்துப் பெருங்காற்றில் ஒரு மரக்கிளை முறிந்து குழாய் ஒன்றின் மேல் விழுந்தது. கருவிக்கு அது மண் சாய்வதாகவே தெரிந்தது. காலையில் சைரன் கத்தத் தொடங்கியது. மக்கள் மழையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பாடசாலைக்கு ஓடினார்கள். ஓடும்போது செல்வராஜின் தகப்பனார் படிக்கட்டில் சறுக்கி விழுந்து கால் எலும்பை முறித்துக்கொண்டார். பாதையில் மரம் விழுந்து பஸ் ஓடாததால் நாங்கள் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. அதுவரை சைரன் நிற்காமல் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. நிறுத்த யாருக்கும் தெரியாது. யாரோ அதன் வாயில் சாக்கைத் திணித்து, தேயிலைச் செடியை வெட்டும் கவ்வாத்துக் கத்தியால் வயரை வெட்டியிருந்தார்கள். மலை அசையவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கூட்டம் போட்டார்கள். கோபமாகப் பேசினார்கள். கிளை விழுந்ததைப் பற்றித் தினுஷ் விளக்கம் சொல்ல எழுந்தபோது யோகராணி அவரை உட்காரச் சொன்னார். "தப்பு எங்களோடது. கெளைக்கும் மண்ணுக்கும் வித்தியாசம் தெரியாத சாமானத்த ஒங்க தலைக்கு மேல வச்சிட்டோம். வேணாம்னா இன்னைக்கே கழட்டிட்டுப் போறோம்," என்றார். அதற்குப் பிறகு கோபம் தணிந்தது. கழற்ற வேண்டாம் என்றார்கள். ஆனால் மணிக்கணக்காகக் கத்தக் கூடாது, பச்சைப் பிள்ளைகள் பயந்துவிட்டன, கொஞ்ச நேரம் கத்திவிட்டுத் தானே நிற்க வேண்டும் என்று கேட்டார்கள். நியாயமாகத்தான் இருந்தது. வெயிலே இல்லாத மழைநாட்களில் மின்கலத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்று மானியக் குழுவின் நிபுணர்களும் அதையேதான் சொல்லியிருந்தார்கள். அப்படியே மாற்றினோம். ஒருவர்கூட வேறு மாதிரி நினைக்கவில்லை.

அறிக்கையில் அந்தப் பொய்யான எச்சரிக்கையை யோகராணி முதல் பக்கத்திலேயே எழுதினார். மானிய அலுவலகத்தில் எங்கள் கோப்பைப் பார்த்துக்கொண்ட அதிகாரி ஒரு சிங்களப் பெண்மணி, எங்களிடம் உண்மையான அக்கறை கொண்டவர். அவர் தொலைபேசியில் அழைத்து, "மிஸ், அதைப் பரிசோதனை ஒலி என்று போட்டால் போதுமே. இப்படி எழுதினால் மானியத்தின் அடுத்த தவணையை நிறுத்திவைப்பார்கள்," என்றார். "அந்தப் பெரியவருடைய கால் பரிசோதனைக்காக உடையவில்லை, மெடம்," என்றார் யோகராணி. அவர் எச்சரித்தது போலவே தவணை நின்றது. மறுபடி வருவதற்குள் நாடே நின்றுபோனது. எரிபொருளுக்கு வரிசை, நாள்தோறும் மின்வெட்டு, வெளிநாட்டு உதிரிப்பாகங்கள் வருவதே இல்லை. தினுஷ் வெளிநாடு போய்விட்டார். கருவிக்காகக் கண்டுபிடித்த ஈரமானியைக் கொஞ்சம் மாற்றி, தேயிலைத் தொழிற்சாலைகளில் வாடவைக்கும் கொழுந்தின் ஈரத்தை அளக்கும் ஒன்றாகச் செய்து விற்றோம். அது நன்றாகவே போனது. மானியத் திட்டத்தின் வெற்றிக்கு உதாரணமாக அதைத்தான் முதலில் காட்டினார்கள். அந்தக் காலத்திலும் மாதம் ஒரு தடவை யோகராணி தனியாகப் பஸ் ஏறி அந்த லயத்துக்குப் போய், குழாய்களைத் துடைத்துச் சரிபார்த்துவிட்டு வருவார். அந்தப் பயணங்களுக்கு எந்தத் தவணையிலும் இடமில்லை.

போன வருடத்துப் பெருமழை உங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். அதை நான் விவரிக்கத் தேவையில்லை. வேலை நிறுத்தப்பட்டு எல்லோரும் லயத்துக்குள் இருந்த ஒரு பின்னேரம், சைரன் ஒலித்தது. இந்தத் தடவை அது சரியாகச் சொன்னது. முன்பு ஏமாந்தவர்கள் வரமாட்டார்கள் என்று நாங்கள் பயந்திருந்தோம். ஆனால் எல்லோரும் வந்தார்கள். கோயில் வாசலில் ஒரு பெண் தப்பை ஒப்புக்கொண்டதால்தான் வந்தோம் என்று பின்னால் ஒரு முதியவர் என்னிடம் சொன்னார். பாடசாலை மண்டபத்தில் எல்லோரும் இருக்கிறார்களா என்று தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் பார்த்தார். இருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் சைரன் நின்றது. மழை பெய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் மலை அப்படியே இருந்தது. செல்வராஜ் எழுந்து, மாட்டுப்பட்டியில் கட்டிக்கிடக்கிற பசுவை அவிழ்த்துவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். அவர் மேலே போய்ச் சேர்ந்திருப்பார் என்று நினைக்கும் நேரத்தில் சரிவு முழுவதும் இறங்கியது. லயத்தில் ஒரு சுவர்கூட மிஞ்சவில்லை.

தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. பாதை பல இடங்களில் அறுந்திருந்தது. தண்டவாளத்தின் மேலேயே நடந்து நாங்கள் மறுநாள் போனோம். யோகராணிக்கு அப்போதே வயிற்றில் வலி இருந்திருக்கிறது. வழியில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தார், களைப்பு என்றார். மண்டபத்தில் முத்துலெட்சுமி பிள்ளைகளோடு சுவரோரம் இருந்தாள். யோகராணி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"போறப்ப என்ன சொல்லிட்டுப் போனாரு?"

"சத்தம் நின்னுருச்சு, இனி பயமில்லன்னு சொன்னாரு மிஸ்."

"சத்தம் நின்னதாலயா போனாரு?"

"ஆமா. அது கத்திக்கிட்டிருந்தா நான் விட்டிருக்க மாட்டேன்."

அவளுடைய குரலில் குற்றச்சாட்டு இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான். யோகராணி கையை விடாமல் நெடுநேரம் அங்கேயே இருந்தார். பிறகு, "என்ன மன்னிச்சிருங்க," என்றார். முத்துலெட்சுமி பதில் சொல்லவில்லை.

அதன் பிறகு வந்த மாதங்கள் எனக்கு இன்றும் குழப்பமானவை. ஒரு பக்கம் பாராட்டு. உள்நாட்டில், ஒரு சிறிய நிறுவனம், அரசாங்கத்தின் ஆராய்ச்சி மானியத்தில் செய்த கருவி ஒரு லயத்து மக்களையே காப்பாற்றியது என்று எல்லா மொழிகளிலும் எழுதினார்கள். கொழும்பில் ஒரு விழா வைத்து யோகராணியை மேடைக்கு அழைத்தார்கள். போகமாட்டார் என்று நினைத்தேன். போனார். "எப்போது வெளியேறுவது என்று எங்கள் கருவி சொன்னது. எப்போது திரும்பலாம் என்று அது சொல்லவில்லை. அது பேசாமல் இருந்ததையே மக்கள் பதிலாக எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் இறந்தார். இதை வெற்றி என்று எழுதுகிறவர்கள் அதையும் சேர்த்து எழுதுங்கள்," என்றார். மரியாதையாகக் கைதட்டினார்கள். பத்திரிகைகளில் அது வரவில்லை.

மறுபக்கம், தப்பியவர்கள் அந்த மண்டபத்திலேயே கிடந்தார்கள். பாடசாலைத் தவணைப் பரீட்சைக்கு மண்டபம் வேண்டும் என்றானபோது, சிலர் உறவினர் வீடுகளுக்குப் போனார்கள், சிலர் அதே மலையடியில் இன்னொரு பழைய லயத்தில் போய் ஒண்டிக்கொண்டார்கள். வீடு கட்டக் காணி கேட்டு யோகராணி அலையத் தொடங்கினார். நானும் பல தடவை கூடப் போனேன். பிரதேச செயலகத்தில் காணி தோட்டத்தின் கையில் இருக்கிறது என்றார்கள். தோட்ட நிர்வாகத்தில் காணி அரசாங்கத்துடையது, நாங்கள் குத்தகைக்காரர்தான் என்றார்கள். கடைசியில் அவர் மானிய அலுவலகத்துக்கே போய் அந்த அதிகாரியிடம் கேட்டார். அந்த அம்மா கண் கலங்கிவிட்டார். "ஆராய்ச்சி மானியத்தில் காணிக்கு ஒரு வழியும் இல்லை மிஸ். இருந்தால் நான் செய்யமாட்டேனா?" என்றார். வெளியே வந்து யோகராணி படிக்கட்டில் உட்கார்ந்தார். அன்றுதான் தன் நோயை எனக்குச் சொன்னார். "ஒங்ககிட்டச் சொல்லாம இருந்தது சரியில்ல. ஆனா சொன்னா வேலைய விட்டுட்டு என்னப் பாக்க ஆரம்பிச்சிருவீங்க," என்றார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது. இன்றும் கொஞ்சம் இருக்கிறது.

கண்டி ஆஸ்பத்திரியில் இருந்தபோது அவர் செய்த வேலை, சைரனின் இரண்டாவது குரல். ஆபத்தை அறிவிக்கும் பெரிய சத்தம் நின்ற பிறகும், மெல்லிய ஒரு துடிப்பு விடாமல் ஒலித்துக்கொண்டிருக்க வேண்டும். மண்ணுக்குள் தண்ணீர் வடிந்து, லயத்து மக்களே தெரிவுசெய்த ஒருவர் சாவியைப் போட்டுத் திருப்பினால்தான் அது அடங்க வேண்டும். மின்கலம் தாங்காது என்று முன்பு நிபுணர்கள் சொன்னதற்கு, அந்தத் துடிப்புக்கு மட்டும் தனியாக ஒரு சிறிய மின்கலத்தை அவரே யோசித்துச் சொன்னார். ஒவ்வொரு வாரமும் புதிய ஒலிகளைப் போனில் பதிந்துகொண்டு போவேன். கட்டிலில் படுத்தபடியே கண்ணை மூடிக் கேட்பார். "இன்னும் மெதுவா, குமார். பயமுறுத்தவும் கூடாது, மறந்துபோக விடவும் கூடாது," என்பார். பக்கத்துக் கட்டிலில் இருந்த சிங்களத் தாய் ஒருவர், அது என்ன சத்தம் என்று கேட்டார். யோகராணி விளக்கினார். அந்தத் தாய் கொஞ்சம் யோசித்துவிட்டு, எங்கள் ஊரிலும் மேலே மலைதான், அங்கேயும் வைப்பீர்களா என்றார். வைப்போம் என்று இவர் சொன்னார். அவர் சொல்லி நான் கேட்ட வாக்குகளில் நிச்சயமில்லாத ஒன்று அது மட்டும்தான்.

கடைசியாகக் கொண்டுபோன ஒலியைக் கேட்டுவிட்டு, சரி என்று தலையசைத்தார். அதற்கு அடுத்த வாரம்தான் பளீல் நானா படியேறி வந்தார்.

சவ அடக்கத்துக்குத் தோட்டங்களிலிருந்து நிறையப் பேர் வந்தார்கள். அரசாங்கத்திலிருந்தும் ஒரு மலர்வளையம் வந்தது. அதோடு அந்த அதிகாரி அம்மாவும் சொந்தச் செலவில் ரயிலேறி வந்திருந்தார். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபோது முத்துலெட்சுமி என்னிடம் வந்தாள். பெரிய மகளின் கையைப் பிடித்திருந்தாள்.

"மிஸ் அன்னைக்கி எங்கிட்ட மன்னிப்புக் கேட்டாங்க. எனக்கு அப்ப வாயே வரலைங்க. அப்புறம் எத்தனையோ தடவ வந்தாங்க, காணி விசயமாப் பேசினாங்க. அப்பயும் சொல்லல."

"சொல்லாட்டியும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்," என்றேன்.

"தெரிஞ்சிருக்காதுங்க," என்றாள் அவள். "அவங்களப் பாத்தா தெரிஞ்ச மாதிரி இல்ல."

அவள் சொன்னதுதான் உண்மை. யோகராணி மன்னிக்கப்பட்டவரைப் போல ஒருநாளும் இருந்ததில்லை. மன்னிப்புக் கிடைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் நிம்மதியாகப் போயிருப்பாரா, அல்லது அந்த இரண்டாவது குரலைச் செய்யாமலே போயிருப்பாரா? இதை யோசிக்காத நாள் எனக்கு இல்லை. விடையும் கிடைக்கவில்லை.

இப்போது மூன்றாம் கட்டத்துக்கு எங்களை அழைத்திருக்கிறார்கள். பல தோட்டங்களில் வைப்பதற்குக் கருவிகள் கேட்கிறார்கள். வாங்குகிறவர் ஒருவர் ஒருவழியாகக் கிடைத்திருக்கிறார். நான் ஒப்புக்கொண்டேன். பளீல் நானா தன் கடையின் பின்பகுதியையும் பட்டறைக்கு ஒழித்துக் கொடுத்திருக்கிறார். தினுஷ் வெளிநாட்டிலிருந்தே வரைபடங்களைப் பார்த்துத் திருத்தி அனுப்புகிறார்.

யோகராணியை அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அவருடைய திறமை என்னிடம் இல்லை. பேராசிரியர்களுக்கு முன்னால் அவர் பேசியது போல என்னால் பேச முடியாது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு பிடிவாதத்தை மட்டும்தான்: வேலை முடியாதபோது முடிந்துவிட்டது என்று சொல்லாத பிடிவாதம். புதிய விண்ணப்பத்தில், கருவி வைக்கும் ஒவ்வொரு லயத்துக்கும் பாதுகாப்பான காணியைக் காட்டித் தர வேண்டும் என்று எழுதி அனுப்பினேன். அது திட்டத்தின் வரம்புக்கு வெளியே உள்ளது என்று திரும்பி வந்தது. மறுபடியும் அதையே எழுதி, இன்று காலைத் தபாலில் போட்டேன்.